பக்கத்து எண்

டாக்டர் சொன்ன ஐந்து சொற்களையும் அக்கா வரிசை பிசகாமல் திருப்பிச் சொன்னாள். கதவு, எலுமிச்சை, சக்கரம், தபால், மஞ்சள். நடுவில் கால் மணி நேரம் அவள் கவனத்தை வேறு பக்கம் இழுத்திருந்தார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், வட்டம் போட்டு அதில் நாலே முக்கால் மணிக்கு முள் வைக்கச் சொன்னார்கள், ஒட்டகச்சிவிங்கிப் படத்தைக் காட்டி இது என்ன என்று ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணியிடம் கேட்டார்கள். எதற்கும் அவள் அசரவில்லை. எல்லாம் முடிந்ததும் கேள்வித்தாளை டாக்டர் பக்கம் திருப்பி ஓரிடத்தில் விரல் வைத்தாள்.

"இங்க 'கீழ்கண்ட'ன்னு இருக்கு மேடம். நடுவுல ஒரு 'க்' வரணும்."

பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பி சிரித்துவிட்டான். டாக்டரம்மாவும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"முப்பதுக்கு முப்பதும்மா. இந்த டெஸ்ட்டை வச்சுப் பாத்தா உங்க மெமரிக்கு ஒண்ணும் இல்ல."

"அப்போ சரியா வந்த எழுத்தை நான் எப்படி மேடம் தப்பாக்கி அனுப்பறேன்? அதுவும் அனுப்பினது தெரியாம?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மாவுக்கு மறதி எந்த வயதில் ஆரம்பித்தது என்று கேட்டார். ஐம்பத்து நாலு என்று அக்கா சொன்னாள். "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க" என்றார். அதுவரை அரட்டையாக இருந்த அறை சட்டென்று ஆஸ்பத்திரி அறையாகிவிட்டது. தம்பி மனதுக்குள் கணக்குப் போட்டான். அவனுக்கும் நாற்பத்தாறு ஆகிறது. அவனுக்கும் அதே அம்மாதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்து மடியில் வைத்து ஏதோ எழுதினாள். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போட்டது. பஸ்ஸே கவிழ்ந்தாலும் அவள் எழுத்து மட்டும் கோடு தாண்டாது என்று நினைத்துக்கொண்டு அவன் வெளியே பார்த்தான்.

அச்சகத்தில் அக்காவுக்கு 'ழகரம்' என்று பெயர். இருபத்தேழு வருடமாகப் பிழை திருத்துகிறாள். கடைசி எட்டு வருடம் வீட்டிலிருந்தே. அச்சகத்திலிருந்து மெயிலில் வரும் புத்தகத்தைத் திரையில் வரி வரியாகப் படித்துத் திருத்தித் திருப்பி அனுப்புவாள். அவள் கை பட்டு வந்தால் இன்னொரு முறை பார்க்க வேண்டியதில்லை என்பது அங்கே சட்டம் மாதிரி. கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட முதலில் சந்திப்பிழை பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பாள். தம்பிக்கு வாழ்நாள் முழுக்க லகரமும் ளகரமும் தகராறு. அவன் அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு அவள் பதில் போடமாட்டாள், திருத்தம்தான் போடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஐந்து மாதத்துக்கு முன்னால், வெயில் ஏறிய சமயத்தில், முதல் அடி விழுந்தது. ஒரு கல்லூரி மலரில் 'முதல்வர் களை விழாவைத் தொடங்கிவைத்தார்' என்று அச்சாகிவிட்டது. கலை விழா களை விழா ஆனதை எல்லாரும் சிரித்துத் தள்ளினார்கள். ழகரத்துக்கே அடி சறுக்கிவிட்டது என்று அச்சக முதலாளி கேலி செய்தார். பிறகு ஒரு நாவலில் யாரோ மாலை வேலையில் குலத்தில் குளித்தார்கள். சிரிப்பு குறைந்தது. கடைசியாக வந்தது ஒரு நினைவு மலர். காலமான ஒரு பெரியவருக்காகப் பிள்ளைகள் சேர்ந்து போட்டது. 'அப்பா இறந்த அன்று ஊரே கூடியது' என்று மூத்த மகன் எழுதியிருந்தார். அச்சில் 'அப்பா இரந்த அன்று ஊரே கூடியது' என்று வந்தது. தன் அப்பா பிச்சையெடுத்ததை ஊர் கூடி வேடிக்கை பார்த்ததாகத் தானே எழுதியதுபோல் ஆகிவிட்டதே என்று அந்த மனிதர் அச்சகத்தின் நடுவில் நின்று அழுதாராம். முதலாளி எல்லாப் பிரதிகளையும் திரும்பப் பெற்றுப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தார். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு வேலை அனுப்பவும் இல்லை.

அவளைக் குடைந்தது ஒரே விஷயம்தான். அவருடைய மூலப்பிரதியில் 'இறந்த' என்று சரியாகத்தான் இருந்தது. அந்த வரியைப் படிக்கும்போது கண் கலங்கியதுகூட அவளுக்கு நினைவிருக்கிறது. அவள் திருப்பி அனுப்பிய கோப்பில் 'இரந்த' என்று இருக்கிறது. நடுவில் வேறு யார் கையும் படவில்லை.

"அம்மாவுக்கும் இப்படித்தாண்டா ஆரம்பிச்சுது" என்றாள் அந்த நினைவு மலர் வந்த அன்று. அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒருநாள் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் 'உடல் நலம்' என்பதை 'உடள் நளம்' என்று எழுதியிருந்தாள். விளையாட்டுக்கு எழுதியிருக்கிறாள் என்று இருவரும் சிரித்தார்கள். நாலு வருடம் கழித்து அம்மாவுக்கு இவர்கள் இருவரையும் யாரென்று தெரியவில்லை. களை விழாவிலிருந்தே அக்கா தன்னுடைய ஒவ்வொரு தவறையும், அந்தக் கோப்பைச் சேமித்த தேதி, மணியோடு, அந்த நீல நோட்டில் எழுதி வந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அக்கா சொல்லிவிட்டாள்.

"அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போயிடுடா. யாருக்காவது குடுத்துடு. நான் இனிமே இந்த வேலை பாக்கப் போறதில்ல."

"முப்பதுக்கு முப்பது வாங்கிட்டு எதுக்குக்கா?"

"முப்பது மார்க் வாங்கற ஆளு எதுக்கு இன்னொருத்தர் அப்பாவைப் பிச்சையெடுக்க வைக்கணும்? எடுத்துட்டுப் போ. குடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிக் குடு, வாங்கறவங்க திட்டிடப் போறாங்க." சாப்பிட்டுவிட்டு உள் அறையில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தம்பிக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. எந்தப் பெட்டியும் டெஸ்ட் ஆகாமல் அவன் கடைப் படி தாண்டாது. ஒரு பென் டிரைவில் வைத்திருக்கும் சோதனையை ஓட்டுவான். ரேம் என்கிற தற்காலிக நினைவகத்தின் ஒவ்வொரு மூலையிலும் பூஜ்யமோ ஒன்றோ வைத்துவிட்டுப் போய், கொஞ்ச நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்து வைத்தது வைத்தபடி இருக்கிறதா என்று கேட்கும் சோதனை. காலையில் டாக்டரம்மா ஐந்து சொற்களை வைத்துச் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். கடையிலும் அதற்கு மெமரி டெஸ்ட் என்றுதான் பெயர். ஒரு பிழைகூட இல்லையென்றால் பெட்டியின் முதுகில் '0' என்று ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவான். ஒரே ஒரு பிழை வந்தால் போதும், அந்த ரேமைக் கழற்றிவிடுவான். இரண்டாவதுக்குக் காத்திருக்க மாட்டான். இதைப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அக்கா கிண்டல் செய்வாள். "பிழையே இல்லாத புத்தகம்னு ஒண்ணு இன்னும் அச்சாகலடா. உன் பெட்டி மட்டும் எப்படி?"

அவளுடைய பெட்டி மேஜைக்குக் கீழே ஒரு மர அலமாரிக்குள் இருந்தது. தூசிக்குப் பயந்து அதன் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பாள். அவன் குனிந்து பென் டிரைவைச் செருகி, சோதனையை ஓடவிட்டு, பெட்டியின் இரைச்சலில் அவள் எழுந்துவிடப் போகிறாள் என்று கதவைச் சாத்தினான். மணி இரண்டு. திரையில் ஒரு பட்டை மெதுவாக நகர்ந்தது. கீழே 'பிழை: 0'. போன வருடம் அவன் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர் பெட்டியின் முதுகில் அப்படியே இருந்தது.

போன வருடம், மழை ஓய்ந்த சமயத்தில்தான் இதற்குப் புது ரேம் போட்டான். அறுநூறு பக்கப் புத்தகத்தைத் திறந்தால் பெட்டி மூச்சு வாங்குகிறது என்று அக்கா புலம்பிக்கொண்டிருந்தாள். அந்த ப்ராசசர் 2666 வேகம் வரைக்கும்தான் ரேமுக்குப் பொறுப்பேற்கும். அதற்கு மேல் ஓட்டினால் உன் பாடு என்று செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ரேமோ 3600 வரை ஓடக்கூடியது. ஓடக்கூடியதை ஏன் கட்டிப்போட வேண்டும் என்று அவனுக்கு ஒரு கை அரிப்பு. பெட்டியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் 3600 என்று மாற்றினான். கடை மேஜையில் இரண்டு பகல் முழுக்கச் சோதனை ஓட்டினான், பூஜ்யம் வந்தது, ஸ்டிக்கர் ஒட்டினான். அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. அவள் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னடா பண்ணின, பறக்குது" என்றபோது மந்திரவாதி மாதிரி தோளைக் குலுக்கினான்.

நாற்பது நிமிடம் வரை பட்டை அமைதியாக நகர்ந்தது. அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது திரையில் ஒரு சிவப்பு வரி இருந்தது; கீழே 'பிழை: 1'.

முதலில் அவன் நம்பவில்லை. அவன் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி. குனிந்து அலமாரிக் கதவைத் திறந்தான். அடைத்து வைத்திருந்த அனல் முகத்தில் அடித்தது. பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கடையில் அவன் சோதித்தபோது பெட்டியின் பக்கத் தகடு கழற்றியிருந்தது. நேர் மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே மழைக் குளிர். இந்த அலமாரிக்குள், இந்த வெயிலில், கதவு சாத்தி ஒருமுறைகூட அவன் சோதித்ததில்லை.

இரண்டாவது சிவப்பு வரி வந்தது. மூன்றாவது. ஒவ்வொரு வரியிலும் வைத்தது என்ன, திரும்பக் கிடைத்தது என்ன என்று இரண்டு நீளமான எண்கள். அவன் கண்களைச் சுருக்கிக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தான். எல்லாம் அப்படியே இருந்தன, கடைசி இடத்தைத் தவிர. பூஜ்யம் வைத்த இடத்தில் ஒன்று. இன்னொரு வரியில் ஒன்று வைத்த இடத்தில் பூஜ்யம். எங்கே பார்த்தாலும் ஒரே ஒரு இலக்கம், அதுவும் கடைசி இலக்கம்தான் புரண்டிருந்தது.

கடைசி இலக்கம் புரண்டால் என்ன ஆகும்? ஓர் எண் தன் பக்கத்து எண் ஆகிவிடும். இரட்டைப்படை எண் அடுத்த ஒற்றைப்படை ஆகும், அல்லது ஒற்றைப்படை முந்தைய இரட்டைப்படை ஆகும். கம்ப்யூட்டருக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது, எல்லாம் எண்தான் என்று அவனுக்குத் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று பார்க்க வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை. போனை எடுத்துத் தமிழ் எழுத்து அட்டவணையைத் தேடினான்.

ல, 2994. ள, 2995.

பட்டியலில் இரண்டு வரி மேலே போனான். ர, 2992. ற, 2993. பள்ளிக்கூடத்தில் அவனை அடி வாங்க வைத்த எழுத்துகளெல்லாம் ஜோடி ஜோடியாக, ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட வீடுகளாக வரிசையில் நின்றுகொண்டிருந்தன. றகரம் ரகரம் ஆக ஒரே ஓர் இலக்கம் புரண்டால் போதும். அப்பா இறந்த அன்று. அப்பா இரந்த அன்று. அவள் படித்தபோது சரியாகத்தான் இருந்திருக்கிறது. படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போன பிறகு, சேமிப்பதற்கு முன்னால், சூடேறிய ரேமுக்குள் அந்த எழுத்து சத்தமில்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. மனிதர் செய்யும் எழுத்துப்பிழை போலவே இருந்ததால் பெட்டியை யாரும் சந்தேகிக்கவில்லை. எல்லாரும் அவளைச் சந்தேகித்தார்கள். அவளும்தான்.

போனைக் கையில் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்காவுக்கு மூளை கெட்டுப்போகிறது என்று ஐந்து மாதமாக இரண்டு வீடும் செத்துப் பிழைத்ததற்குக் காரணம் தன் கை அரிப்பு என்பதை அவனால் ஒரே மூச்சில் நினைத்து முடிக்க முடியவில்லை. பாதியில் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவன் திரையைக் காட்டினான்.

"பிழை உன்னோடது இல்லக்கா. இதோடது."

"புரியற மாதிரி சொல்லு."

சொன்னான். வேகத்தைக் கூட்டியதிலிருந்து தொடங்கி, அலமாரி, அனல், கடைசி இலக்கம் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்துப் போனை அவளிடம் நீட்டினான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டவணையைப் படித்தாள். ஒரு ப்ரூஃப் படிப்பதுபோல, ஒவ்வொரு எண்ணிலும் விரல் வைத்துப் படித்தாள்.

"ரகரத்தையும் றகரத்தையும் பக்கத்துப் பக்கத்துலயே வச்சிருக்காங்க."

"ஆமாக்கா."

"சில நேரம் அர்த்தமே இல்லாத எழுத்து நிக்கும். விரல் வழுக்கிடுச்சுன்னு அடிச்சுத் திருத்திடுவேன். ரெண்டு தடவை தானே அணைஞ்சுகூடப் போச்சு. கால் பட்டுடுச்சுன்னு நினைச்சேன்." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "வேகத்தைக் கூட்டினேன்னு எங்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"டெஸ்ட் பண்ணலையா?"

"பண்ணினேன். திறந்து போட்டு, ஃபேனுக்கு அடியில வச்சு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான்; திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில கண்ணு முழிச்சதும் முதல்ல என் பேரைத்தான் சொல்லிப் பாப்பேன், தெரியுமா? அப்புறம் உன் பேரு. அப்புறம் என்ன கிழமைன்னு. மூணும் சரியா வந்தாத்தான் கட்டிலை விட்டு எறங்குவேன். அஞ்சு மாசம்டா."

மன்னித்துவிடு என்று சொன்னால் அது அந்த ஐந்து மாதத்துக்குப் போதாது. அவள் திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு ஓயாமல் போய், கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவனால் சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். வந்தவள் பழைய ழகரம். "முதல்ல அந்த வேகத்தைக் கொறை" என்றாள். குறைத்தான். நீல நோட்டையும் ஒரு பென்சிலையும் அவன் முன்னால் வைத்தாள். "இதுல முப்பத்தொண்ணு இருக்கு. ஒவ்வொண்ணா அந்த நம்பரோட ஒத்துப் பாரு. ஒண்ணுகூட விடாத. நான் முதலாளிக்குப் போன் போடறேன்." போனோடு வாசல் அறைக்குப் போனாள்.

அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்தான். கலை, களை: பக்கத்து எண். வேளை, வேலை: பக்கத்து எண். குளம், குலம். அறை, அரை. எல்லாவற்றுக்கும் நேரே அவள் மணி எழுதி வைத்திருந்தாள். இரண்டரை, மூன்று, மூன்றே முக்கால். காலை நேரத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றாக டிக் போடப் போட அவன் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இருபத்தெட்டு. முப்பது. முப்பத்தொன்று. எல்லாம் பெட்டி செய்தது. அவளுடையது என்று ஒன்றுகூட இல்லை.

வாசல் அறையிலிருந்து அவள் குரல் கேட்டது. எவ்வளவோ நாளாகக் கேட்காத கறார் குரல். "ஆமா சார், மெஷின்தான்... அந்த நினைவு மலர் போட்டவர் நம்பரைக் குடுங்க, நானே பேசறேன்... இல்ல, நாளைக்கே வேலை அனுப்புங்க. நான் பாத்துடுவேன்."

இன்னும் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அங்கே ஒரே ஒரு வரி. காலையில் பஸ்ஸில் எழுதியது. எழுத்து கோட்டைத் தாண்டவில்லை.

'மூலை ஸ்கேன் – வியாழன் 11 மணி.'

அவன் மறுபடி படித்தான். ளகரம் இருக்க வேண்டிய இடத்தில் லகரம். நீல மை. அவள் கையெழுத்து. இதற்கு ரேம் கிடையாது, வேகம் கிடையாது, அலமாரி கிடையாது. மடியில் வைத்த நோட்டும் பேனாவும் மட்டும். அவன் இதே சொல்லை இதே மாதிரி ஆயிரம் தடவை எழுதியிருப்பான்; அவனுக்கு எழுதத் தெரிந்ததே அப்படித்தான். பயந்துபோன மனுஷி, குலுங்குகிற பஸ், ஒரே ஓர் எழுத்து. எந்தப் புத்தகத்தில்தான் பிழை இல்லை என்று அவளே சொல்வாளே. இதையெல்லாம் தனக்குள் சொல்லிப் பார்த்தான். ஆனால் கடையில் அவன் இரண்டாவது பிழைக்குக் காத்திருந்ததே இல்லை.

"எத்தனைடா சரியா வருது?" போனை வைத்துவிட்டு அவள் அங்கிருந்தே கேட்டாள்.

"முப்பத்தொண்ணும்."

"ஒண்ணுகூட என்னோடது இல்லையே?"

அவன் நோட்டை மூடப் போனான். அதற்குள் அவள் உள்ளே வந்துவிட்டாள். எட்டு வருடமாக மேஜையில் கிடக்கும் சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றிக்கொண்டு, "குடு, நானும் ஒரு தடவை பாத்துடறேன்" என்று கையை நீட்டினாள். அவன் கட்டைவிரல் கடைசி வரியின் முதல் சொல்லை அழுத்திக்கொண்டிருந்தது. அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பெட்டி மெல்ல மெல்லக் குளிர்ந்து, தகடு எங்கோ டிக் என்று ஒருமுறை சொடுக்கியது.